மண்டபத்துச் சுடுதண்ணீர் பேனல்: நேர் வரிசையா, ரிலேயா, பி.எல்.சி.யா?

காங்கேயம் பக்கம் எங்கள் மாமா ஒருவர் கல்யாண மண்டபம் கட்டினார். பெயின்ட் வேலை மட்டும் பாக்கி என்ற நிலையில் மொட்டை மாடியில் 1,000 லிட்டர் சுடுதண்ணீர் டேங்க் வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று பேஸ், 24 கிலோவாட் ஹீட்டர். டேங்க் கொடுத்தவர்கள் பேனல் தருவதில்லை, அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாமா மூன்று இடத்தில் விலை கேட்டு, மூன்று பேப்பரையும் என் முன்னால் போட்டார். "ஏம் மாப்ள, ஒரே வேலைக்கு ஒருத்தரு ஒரு வெல சொல்றாரு, இன்னொருத்தரு அதுல நாலு பங்கு சொல்றாரு. எதுல என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லு."

நான் கோவையில் பேனல் வேலை செய்கிறவன். தோட்டத்து மோட்டார் பெட்டியில் கை வைத்துத்தான் தொழில் கற்றேன். மாமா கேட்ட கேள்வியை லாட்ஜ்காரர்களும் ஹாஸ்டல்காரர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் பேப்பரில் இருந்தது நேர் வரிசை. தெர்மோஸ்டாட், மிதவை சுவிட்ச், அதிவெப்பக் கட்டுப்பாடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் கோர்த்து, கடைசியில் காண்டாக்டர் காயிலில் போய் முடியும். காண்டாக்டர் என்பது, காயிலுக்குக் கரண்ட் கிடைத்தால் இழுத்து ஹீட்டருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்ச்; காயிலுக்கு நின்றால் விழுந்துவிடும். இரண்டாவது, 24 வோல்ட் ரிலே பேனல். ஒவ்வொரு பாதுகாப்புக்கும் ஒரு ரிலே (காண்டாக்டர் மாதிரியே காயிலால் இழுக்கும் குட்டிச் சுவிட்ச்), ஒரு விளக்கு. மூன்றாவது, சின்ன பி.எல்.சி., புரோகிராம் எழுதி ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர். திரையில் எழுத்து வரும், போனுக்குச் செய்தி போகும், மணிக்கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதில் எதை எடுப்பது என்பதற்கு முன்னால், அந்த டேங்க் என்ன செய்யக்கூடியது என்று மாமாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே கரண்ட் வேண்டும். 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 41 யூனிட். 24 கிலோவாட்டில் அது ஒரு மணி நாற்பது நிமிஷம். இதுவரை சந்தோஷமான கணக்கு. இப்போது அதே ஹீட்டர் 60ல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்? யாரும் தண்ணீர் எடுக்காத வேளையில் மணிக்கு 20 டிகிரி ஏறும். இரண்டு மணி நேரத்தில் கொதிநிலை. வென்ட் குழாய் திறந்திருந்தால் ஆவி வெளியே போகும், அதோடு போயிற்று. குழாய் உப்பு கட்டி அடைத்திருந்தாலோ, யாராவது அதில் வால்வு வைத்து மூடியிருந்தாலோ நிலைமை வேறு. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். நம் ஊரில் கொதிகலன் சட்டம் 100 டிகிரிக்குக் கீழே தண்ணீர் சூடாக்கும் கலனைத் தன் வரையறைக்குள் சேர்ப்பதில்லை. அதனால் மண்டபத்து டேங்கைப் பார்க்க கொதிகலன் இன்ஸ்பெக்டர் வருவதில்லை. அந்த 100ஐத் தாண்டாமல் பிடித்துவைக்கிற பொறுப்பு முழுக்க நாலைந்து சுவிட்சுகளின் தலையில்தான்.

இந்தச் சுவிட்சுகளைத்தான் இன்டர்லாக் என்கிறோம். இது சரியில்லையென்றால் அது ஓடாதே என்று கம்பியிலேயே போட்டுவைக்கும் கட்டளை. கொங்கு நாட்டில் இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். போர் மோட்டார் பெட்டியில் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் எதற்கு இருக்கிறது, கிணற்றில் தண்ணி இல்லாவிட்டால் மோட்டார் ஏன் தானாக நிற்கிறது என்று தெரிந்தவருக்கு இதுவும் தெரியும்.

மாமாவின் டேங்குக்கு வேண்டியவை இவ்வளவுதான்: டேங்குக்குள் தண்ணீர் ஹீட்டர் எலிமெண்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்க ஒன்று. 60ல் நிறுத்தும் தெர்மோஸ்டாட். அது நிறுத்தத் தவறினால் 80, 85ல் வெட்டிவிட்டு, கையால் அமுக்கினால் ஒழியத் திரும்ப வராத அதிவெப்பக் கட்டுப்பாடு. அறைகளுக்குச் சுடுதண்ணீரைச் சுற்றிவிடும் பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சுவிட்ச். ஒரு அவசர நிறுத்தப் பொத்தான். அழுத்தம் தாங்காமல் திறக்கும் ரிலீஃப் வால்வு கரண்டோடு சம்பந்தமில்லாத இரும்புச் சாமான். அது தனியாக இருந்தே ஆகவேண்டும், அதற்குப் பதிலாக எந்த ரிலேயும் ஆகாது. சிங்கிள் பேஸ் பிரிவென்டரை ஹீட்டருக்கும் சேர்த்துப் போடச் சொல்லி ஒரு பேப்பரில் இருந்தது. அது பம்புக்கு மட்டும் போதும். ஒரு பேஸ் போனால் மோட்டார் கருகும், ஹீட்டர் மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான். அதற்காக முகூர்த்தத்தன்று சுடுதண்ணியை நிறுத்துவானேன்.

சரி, நேர் வரிசை. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பேஸ் கம்பி கிளம்பி, அவசரப் பொத்தான் வழியாக, அதிவெப்பக் கட்டுப்பாடு வழியாக, மிதவை வழியாக, தெர்மோஸ்டாட் வழியாகக் காயிலுக்குப் போகிறது. எதில் கம்பி அறுந்தாலும் காயில் விழும், ஹீட்டர் நிற்கும். பாதுகாப்பின் பால பாடம் இதுதான்: எல்லாம் நன்றாக இருக்கும்போது கரண்ட் ஓட வேண்டும், கெட்டால் நிற்க வேண்டும். ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்துக்கொண்டு எந்த வயர்மேனும் பத்து நிமிஷத்தில் பழுதைக் கண்டுபிடிப்பார். பத்து வருஷம் கழித்து வருகிறவருக்கும் புரியும்.

ஆனால் இதிலேயே நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பழனியில் ஒரு லாட்ஜ். மிதவைக் கம்பியை இழுக்கும் வசதிக்காக அதைக் காயிலுக்குப் பின்னால், நியூட்ரல் பக்கம் போட்டுவிட்டேன். ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே வேலை செய்தது. மிதவை இறங்கினால் காண்டாக்டர் விழுந்தது. கொஞ்ச நாளில் மாடியில் எலி அந்தக் கேபிளைக் கடித்தது. உரிந்த கம்பி ஜி.ஐ. குழாயில் தொட்டது. அதற்கப்புறம் மிதவை இறங்கினாலும் காயிலுக்கு வழி கிடைத்துவிட்டது, நியூட்ரலுக்குப் போகாமல் குழாய் வழியாக மண்ணுக்கு. சின்னக் காண்டாக்டர் ஒருமுறை இழுத்தபின் பிடித்து நிற்க 30 மில்லி ஆம்பியர் இருந்தால் போதும், சுமாரான எர்த்தே அதற்குத் தாராளம். டேங்கில் தண்ணி இல்லை, எலிமெண்ட் சிவக்கச் சிவக்க எரிகிறது. காவலாளி வாடை பிடித்து மெயினை இறக்கியதால் ஆறு எலிமெண்டோடு போயிற்று. அதிலிருந்து காயிலின் ஒரு முனை நேராக நியூட்ரலில்தான், நடுவில் ஒரு சுவிட்ச் கிடையாது. எல்லா வெட்டும் பேஸ் பக்கம். எந்தப் பேனலை வாங்கினாலும் கதவைத் திறந்து முதலில் இதைப் பாருங்கள்.

நேர் வரிசையின் உண்மையான குறைகள் வேறு. 230 வோல்ட்டை ஈரமான மாடிக்கு, டேங்க் மூடிக்குள் வரைக்கும் கொண்டுபோகிறோம். இது ஒன்று. அப்புறம், எது கெட்டதென்று அது சொல்லாது. ஹீட்டர் ஓடவில்லை, அவ்வளவுதான். எந்த விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஒரே அர்த்தம். மூன்றாவதாக மிதவையின் ஆட்டம். டேங்கில் தண்ணி விழும்போது மிதவை அலையில் ஏறி இறங்கும். காண்டாக்டர் டகடகவென்று அடிக்கும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊரில் இது இன்னும் மோசம். காயில் அதன் அளவில் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் இறுக்கி இழுக்காது, அரைகுறையாகத் தொட்டுத் தொட்டு விடும். அந்தத் தீப்பொறியில்தான் காண்டாக்ட் ஒட்டிக்கொள்கிறது.

இந்த ஒட்டுவதைப் பற்றி நின்று பேச வேண்டும், ஏனென்றால் மூன்று பேப்பரிலும் இதற்கு வழி இல்லை. நாலு பங்கு விலை சொன்னவரும் சேர்த்துத்தான்.

காண்டாக்டருக்குள் வெள்ளிக் கலவைப் பொட்டு இரண்டு வந்து மோதும். பேஸுக்கு 33 ஆம்பியர் போகிற இடம். ஒருநாள் அந்தப் பொட்டு உருகி ஒட்டிவிட்டால், காயிலுக்குக் கரண்ட் போகாவிட்டாலும் அது பிரியாது. தெர்மோஸ்டாட் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, திறந்துவிட்டது. ஹீட்டர் ஓடுகிறது. 85ல் அதிவெப்பக் கட்டுப்பாடும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அதுவும் திறந்துவிட்டது. ஹீட்டர் இன்னும் ஓடுகிறது. ஏனென்றால் இருவரும் வெட்டுவது அதே காயிலை. இரண்டு பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம், உண்மையில் இருந்தது ஒன்றுகூட இல்லை. நேர் வரிசையானாலும் ரிலே ஆனாலும் பி.எல்.சி. ஆனாலும், முடிவில் ஒரே காண்டாக்டர் என்றால் கதை இதுதான். பி.எல்.சி. திரையில் மட்டும் 'அதிவெப்பம்' என்று அழகாக எழுத்து வரும்.

இதற்கு மருந்து, மேலே இன்னொரு காண்டாக்டர். தெர்மோஸ்டாட் சொல்கேட்டு நாள் முழுக்க விழுந்து எழும் காண்டாக்டர்களுக்கு முன்னால், பெரிதாக ஒன்று. அதிவெப்பமும் தண்ணீர் மட்டமும் அவசரப் பொத்தானும் இதன் காயிலை வெட்டும். மற்றபடி அது எப்போதும் இழுத்தபடியே இருக்கும். வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணும்படியாகத்தான் சுமையோடு விழும், அதனால் அதன் பொட்டு புதிதாகவே இருக்கும். தினம் உழைக்கிற மாட்டையே அவசரத்துக்கும் நம்பாமல், ஒன்றைத் தனியாகக் கட்டி வைத்திருப்பது மாதிரி.

காண்டாக்டருக்குப் பதிலாக மெயின் பிரேக்கரில், அதாவது எம்.சி.சி.பி.யில், ஷன்ட் ட்ரிப் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். போடலாம், எனக்குப் பிடிக்காது. ஷன்ட் ட்ரிப் காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால்தான் அது விழும். அந்தக் கம்பியே அறுந்திருந்தால் வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டாது, அறுந்திருப்பதும் யாருக்கும் தெரியாது. அண்டர் வோல்டேஜ் ரிலீஸ் என்று இன்னொன்று உண்டு. கரண்ட் போனாலே விழும், பாதுகாப்பில் குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் ஒருவர் மாடி ஏறி லீவரைத் தூக்க வேண்டும். எத்தனை நாளைக்குத் தூக்குவார்?

காண்டாக்டர் வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். பெட்டியில் ஏசி-3 என்று போட்டிருக்கும் அளவு மோட்டாருக்கு. ஹீட்டருக்குப் பார்க்க வேண்டியது ஏசி-1. ஏசி-3ல் 18 ஆம்பியர் என்று விற்கும் காண்டாக்டர் ஏசி-1ல் 32 வரை வரும். கடையில் பெரிய அளவை ஒருவர் தலையில் கட்டப் பார்ப்பதும், தெரியாமல் சின்னதைப் போட்டு ஒருவர் கருக்குவதும் இந்த இரண்டு எண் குழப்பத்தில்தான்.

காண்டாக்டரைத் தூக்கிவிட்டு எஸ்.எஸ்.ஆர். (அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) போட்டால் சத்தமும் இல்லை தேய்மானமும் இல்லை என்று நாலாவதாக ஒருவர் போனில் மாமாவுக்குச் சொல்லியிருந்தார். உண்மைதான். ஆனால் எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் மூடிய நிலையில்தான் கெடும், அதாவது ஓடவிட்டபடி. ஒரு ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் அதுவே சூடாகும். 33 ஆம்பியர், மூன்று பேஸ் என்றால் பேனலுக்குள் நூறு வாட் அடுப்பு. துல்லியமாக அரை டிகிரியில் நிறுத்த வேண்டிய சாயப்பட்டறை லேபுக்கு அது சரி. குளிக்கிற தண்ணிக்கு எதற்கு?

இனி ரிலே பேனல். சின்ன எஸ்.எம்.பி.எஸ். ஒன்று 24 வோல்ட் டி.சி. கொடுக்கும். மாடிக்குப் போவது அந்த 24 வோல்ட் மட்டும். தண்ணீர் மட்டம், அதிவெப்பம், ஃப்ளோ, அவசரப் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் சாக்கெட்டில் செருகும் மினியேச்சர் ரிலே ஒன்று. எல்லாம் சரி என்றால் எல்லா ரிலேயும் இழுத்திருக்கும். ஒவ்வொரு ரிலேயிலும் இரண்டு ஜோடி காண்டாக்ட். ஒன்று வெட்டும் வரிசையில், இன்னொன்று கதவிலுள்ள விளக்குக்கு. மிதவை ஆட்டத்துக்கு ஒரு டைமர்: தண்ணீர் வந்துவிட்டது என்று பத்து விநாடி தொடர்ந்து சொன்னால்தான் நம்பும். குறைந்துவிட்டது என்றால் மட்டும் உடனே நம்பும். இந்த ஒருதலைப்பட்சம் முக்கியம். இரண்டு பக்கமும் தாமதம் போட்டுத் தரும் பேனல்கள் உண்டு.

இதில் இன்னொரு வேலையும் சுலபமாக முடிகிறது. காண்டாக்டரின் பக்கவாட்டில் மிரர் காண்டாக்ட் என்று ஒன்று கேட்டு வாங்கலாம். பெரிய பொட்டுகளில் ஒன்று ஒட்டியிருந்தாலும் இந்தச் சின்ன காண்டாக்ட் மூடாது, அப்படி அமைத்த சாமான். தெர்மோஸ்டாட் விழச் சொல்லியும் இது திரும்ப மூடவில்லையென்றால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். ஒரு ரிலே, ஒரு டைமர் வைத்து மேல் காண்டாக்டரை இறக்கிவிடலாம். அதாவது 85 வரை காத்திருக்காமல் 60லேயே பிடித்துவிடுகிறோம்.

செலவு? ஒரு ரிலேயும் அதன் சாக்கெட்டும் சேர்ந்து, குடும்பத்தோடு ஓட்டலில் டிபன் சாப்பிடும் காசுக்குள் வந்துவிடும். கெட்டால் பிடுங்கிவிட்டு வேறு செருகலாம். காங்கேயத்தில் கிடைக்காவிட்டால் திருப்பூரில் கிடைக்கும், அரை நாள் வேலை. காயில் விழும்போது எழும் வோல்டேஜ் துள்ளலை அடக்க, டி.சி. காயிலுக்குக் குறுக்கே டயோடு, ஏ.சி. காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஆர்.சி. ஸ்னப்பர் போட்டால் ரிலேயின் பொட்டு பல வருஷம் தாங்கும். இதைப் போடாத பேனலில் ரிலேகள் கறுத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரிலே பேனலின் ஆபத்து மனிதர்தான். விடியற்காலை மூன்று மணி, மண்டபம் நிறையச் சனம், மாப்பிள்ளை வீட்டார் அறையில் சுடுதண்ணி வரவில்லை. மேனேஜர் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுகிறார். "ரிலேயப் புடுங்கிட்டு ரெண்டு ஓட்டைலயும் ஒரு வயரச் சொருகுங்க, காலைல வந்து பாக்கறேன்" என்கிறார் அவர். ஓடுகிறது. காலையில் அவர் வருவதில்லை. அந்த வயர் ஆறு மாசம் அங்கேயே இருக்கிறது. நேர் வரிசையிலும் இதேதான் நடக்கும், இன்னும் சுலபமாக. லூப் போடுகிற கையை நான் குறை சொல்வதில்லை. எது கெட்டதென்று அவருக்குத் தெரியாது, பந்தலில் பத்துப் பேர் கத்துகிறார்கள். கதவில் 'தண்ணீர் குறைவு' என்று தமிழில் எழுதிய விளக்கு எரிந்தால் அவர் லூப் போடப் போகமாட்டார், வால்வைத் திறக்கப் போவார். என்னைக் கேட்டால் ரிலே பேனலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு ரிலேக்கு இல்லை, அந்த விளக்குக்குத்தான்.

தண்ணீர் மட்டத்தை எதால் பார்ப்பது என்பது தனிக் கேள்வி, ஊரைப் பொறுத்தது. கோவையில் சிறுவாணித் தண்ணி மட்டும் வருகிற இடத்தில் எதைப் போட்டாலும் ஓடும். காங்கேயம், தாராபுரம் பக்கம் போர் தண்ணி சூடானால் சுண்ணாம்பு படிந்துவிடும். மிதவையில் படிந்தால் அது மேலேயே சிக்கிக்கொள்ளும். தண்ணி இறங்கினாலும் நிறைய இருக்கிறது என்றே சொல்லும். கம்பி முனை வைத்த எலக்ட்ரோடு வேறு விதம். உப்புத் தண்ணி நன்றாகக் கரண்டைக் கடத்தும். முனையில் உப்பு கட்டினால் கடத்தாது, தண்ணி இல்லை என்று பொய் சொல்லி ஹீட்டரை நிறுத்திவிடும். எரிச்சலான பொய்தான், ஆனால் பத்திரமான பொய். மாமாவுக்கு எலக்ட்ரோடு சொன்னேன். மூன்று மாசத்துக்கு ஒருமுறை கழற்றித் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது பேப்பர், பி.எல்.சி. இந்த வகையில் சீமென்ஸ் லோகோ 1996லேயே வந்துவிட்டது, புதுச் சாமான் ஒன்றும் இல்லை. நல்ல சாமான். ஹீட்டர் எலிமெண்டுகளை இரண்டு பாங்காக, அதாவது இரண்டு தொகுதியாகப் பிரித்து, ஒரு பாங்கை முதலில் ஓட்டி, போதாவிட்டால் இரண்டாவதை ஏற்றலாம். இன்று இது முதலில் என்றால் நாளைக்கு அது. மாடியில் சோலார் இருந்தால் இன்னும் பிரயோஜனம். சாயங்காலம் சோலார் சூடாக்கிய தண்ணி போதுமா என்று பார்த்து, போதாவிட்டால் மட்டும் விடியற்காலை மூன்று மணிக்கு ஹீட்டரைப் போடும். கோவையில் பல ஹாஸ்டல்களில் சோலாரும் ஹீட்டரும் ஒரே டேங்கில் இருக்கின்றன. ஹீட்டர் மத்தியானமே தண்ணியைச் சூடாக்கி வைத்துவிடும், சோலார் சும்மா வெயில் காயும். அங்கே பி.எல்.சி. கரண்ட் பில்லிலேயே தன் விலையை எடுத்துவிடும்.

மண்டபத்துக்கு இது வேண்டுமா? மாசத்தில் ஏழெட்டு முகூர்த்தம். ஆடியிலும் மார்கழியிலும் அதுவும் இல்லை. வெயில் இன்னொரு பிரச்சினை. இந்த மாதிரிச் சாமான்களுக்குச் சுற்றுச் சூடு 55 டிகிரி வரைதான் அனுமதி. சித்திரையில் வெளியே 40 டிகிரி அடிக்கும் ஊரில், மொட்டை மாடியில் நேர் வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் அது தாண்டிவிடும். கீழே கொண்டுவந்து வைக்கலாம், கேபிள் நீளும். அப்புறம் புரோகிராம். ஒரு ஹாஸ்டலில் பேனல் நின்றுபோய்ப் பார்க்கப் போனேன். புரோகிராம் எழுதிய தம்பி வேலைக்கு துபாய் போய்விட்டார். உள்ளே நுழைய பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. கம்பி கம்பியாக எதோடு எது என்று கண்டுபிடித்து, முதலிலிருந்து எழுதினேன். இரண்டு நாள் பிள்ளைகள் பச்சைத் தண்ணியில் குளித்தார்கள். பி.எல்.சி. எடுத்தால் புரோகிராமின் நகல், பாஸ்வேர்டு, வரைபடம் மூன்றையும் வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அதிவெப்பமும் தண்ணீர் மட்டமும் பி.எல்.சி.க்குத் தகவலாகப் போகலாம், அனுமதி கேட்கப் போகக்கூடாது. வெட்டுவது கம்பி. சொல்வது மட்டும் திரை. மூன்றாவது பேப்பரில் எல்லாமே புரோகிராம் வழியாகப் போயிற்று.

சென்சாரிலும் இதே கேள்வி வரும். பி.டி.100 சென்சார் 0 டிகிரியில் 100 ஓம், சூடு ஏற ஏற ஓம் ஏறும். அறுந்துபோனால் கண்ட்ரோலர் அதை ரொம்பச் சூடு என்று படித்து ஹீட்டரை நிறுத்தும். விலை குறைந்த பேனல்களில் வரும் என்.டி.சி. சென்சார் தலைகீழ், சூடு ஏற ஏற ஓம் இறங்கும். அறுந்துபோனால் பனிக்கட்டி மாதிரிக் குளிர்ச்சி என்று படிக்கும். அறுந்ததைக் கண்டுபிடிக்கும் புத்தி கண்ட்ரோலருக்கு இல்லாவிட்டால் ஹீட்டரை விடாமல் ஓட்டும். வாங்கும் முன் சென்சார் கம்பியைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வைஃபை போர்டும் நீல ரிலேயும் வைத்து மலிவாகச் செய்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை: தோட்டத்து லைட்டுக்குப் போடுங்கள்.

காஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும். அங்கே உள்ளே தங்கிய காஸைக் காற்றால் வெளியேற்றி, தீப்பொறி விட்டு, தீ பிடித்ததா என்று பார்க்கிற வேலையை பர்னரோடு வரும் கண்ட்ரோலர் செய்யும். அதற்குள் கை வைக்கவே கூடாது. நம் சுவிட்சுகளை அது காட்டும் லிமிட் முனையில் வரிசையாகக் கொடுப்பதோடு சரி. தீ எரிவதை அது மைக்ரோ ஆம்பியர் கணக்கில் எர்த் வழியாகப் பார்க்கிறது. எர்த் மோசமாக இருந்தாலோ பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலோ, தீ நன்றாக எரியும்போதே இல்லை என்று லாக் ஆகிவிடும். காஸ் ஹீட்டர் அடிக்கடி நிற்கிறது என்று கூப்பிடுகிற இடங்களில் நான் முதலில் பார்ப்பது எர்த்தை.

மாமாவுக்கு இரண்டாவது பேப்பரைச் சொன்னேன், திருத்தத்தோடு. மேல் காண்டாக்டர் ஒன்று கூடுதலாக. அதிவெப்பக் கட்டுப்பாடு தனி சென்சாரோடு, சூட்டை உணரும் மெல்லிய குழாய் (கேப்பிலரி) கசிந்தால் தானே திறந்துகொள்ளும் ரகமாக. அது இந்த 24 வோல்ட் வரிசையில் நேராக மேல் காண்டாக்டரின் ரிலேயை வெட்டும். பாங்குக்கு ஒன்றாக, எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் வெட்டும் ஆர்.சி.சி.பி. இரண்டு. ஒரு எலிமெண்ட் வெடித்துக் கசிந்தால் பாதிச் சுடுதண்ணியாவது வரட்டும். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடும், அதிவெப்பத்தில் விழுந்தால் மட்டும் ஆள் ஏறிப் போய் அமுக்க வேண்டும். மூன்றாவது பேப்பர்காரரின் மணிக்கணக்குக்குப் பதில் சாதாரண டைமர் ஒன்று.

இதையே ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி கேட்டிருந்தால் பி.எல்.சி. என்றிருப்பேன். அங்கே இரவு பகல் ஓடும், தண்ணி வெதுவெதுப்பாகத் தேங்கினால் கிருமி பெருகும், எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்ற பதிவு வேண்டும், பார்த்துக்கொள்ள எஞ்சினியர் இருக்கிறார். வெட்டும் கம்பி மட்டும் வெளியில். டீக்கடைக்காரரோ சின்ன மெஸ்காரரோ 6 கிலோவாட் ஹீட்டருக்குக் கேட்டால் நேர் வரிசை, காண்டாக்டர் மட்டும் இரண்டு. ரிலே வேண்டாம்.

அறைக் குழாயில் 60 டிகிரி நேராக வரக்கூடாது. அந்தச் சூடு சில விநாடியில் தோலை உரிக்கும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். கலவை வால்வு போடச் சொன்னேன். அது பேனல்காரன் வேலை இல்லை என்று பிளம்பர் சிரித்தார். பரவாயில்லை, போட்டார்.

பேனல் வந்த அன்று லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரையும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தோம். ஹீட்டர் எம்.சி.பி.க்களை இறக்கிவிட்டு, கண்ட்ரோலுக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு சென்சார் கம்பியாகக் கழற்றினோம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் காண்டாக்டர் டமார் என்று விழ வேண்டும், அதற்குரிய விளக்கு மட்டும் எரிய வேண்டும். ஃப்ளோவைக் கழற்றியபோது இரண்டு விளக்கு எரிந்தது. கதவில் ஒரு வயர் மாறியிருந்தது. மாற்றினோம். அப்புறம் கீழ் காண்டாக்டரின் முகத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் அமுக்கிப் பிடித்தேன், ஒட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ள. தெர்மோஸ்டாட்டைத் திருப்பி விழவைத்தோம். ஐந்து விநாடி. மேல் காண்டாக்டர் விழுந்தது, 'காண்டாக்டர் ஒட்டிவிட்டது' என்ற விளக்கு எரிந்தது. மாமா அதைப் படித்துவிட்டு, "இது எரிஞ்சா நான் என்ன பண்றது?" என்றார். யாரும் பேனலைத் தொட வேண்டாம், எனக்குப் போன் போடுங்கள் என்றேன். அந்த விளக்கின் கீழே அதையும் எழுதச் சொன்னார்.

வரைபடத்தை லேமினேஷன் செய்து கதவின் உள்பக்கம் ஒட்டியாயிற்று. வைகாசியில் முதல் முகூர்த்தம். முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு மாமாவிடமிருந்து போன். "மாப்ள, மூணாவது லைட்டு எரியுது, தண்ணி கொறவுன்னு போட்டிருக்குது. மேல் தொட்டி மோட்டாரப் போட மறந்துட்டானுங்க, இப்பப் போட்டாச்சு. சும்மா உங்கிட்டச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன், நீ தூங்கு."